கடவுச்சீட்டும் கல்விக்கூடமும்: ஸ்டெபான் ஹைமின் மாணவப் பருவம் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஐரோப்பியப் புலம்பெயர் இலக்கியம் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றை நோக்குமிடத்து, பிரிவுத்துயர், வேரறுந்த நிலை, மொழியிழந்தவனின் மௌனம் முதலிய தொடர்களே மேலோங்கி நிற்பதைக் காண்கிறோம். அவை பொய்யானவை அல்ல. ஆயின் விமர்சனம் அவற்றுடன் நின்றுவிடுமாயின், அடிப்படையான சில வினாக்கள் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. நாடு நீங்கியவன் எந்தக் கடதாசியைக் காட்டி எல்லையைக் கடந்தான்? அதனை வழங்கியவர் யார், மறுத்தவர் யார்? எந்த வர்க்கத்தவனுக்கு அது எளிதிற் கிடைத்தது? புலம்பெயர்வை ஒரு மனநிலையாக மட்டும் கொள்ளும் திறனாய்வு, கடவுச்சீட்டு, விசா, பொறுப்புப் பத்திரம் ஆகியவற்றை வாழ்க்கை வரலாற்றாசிரியனுக்குரிய சில்லறை விவரங்களாகக் கருதி ஒதுக்கிவிடுகின்றது. நாம் அவற்றையே மையமாகக் கொண்டு நோக்க விரும்புகிறோம்.

இதற்கு எடுத்துக்காட்டாக நாம் கொள்வது ஜேர்மன் நாவலாசிரியர் ஸ்டெபான் ஹைம் (1913–2001) தமது இருபத்திரண்டாவது வயதில் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்த வரலாறாகும். பிறெக்ட், தோமஸ் மான், பொய்க்ட்வாங்கர் ஆகியோரின் அகதி வாழ்வு பற்றி நூல்கள் பல உள. அவர்கள் நாடு நீங்கியபோதே உலகறிந்த பெயர்களாயிருந்தனர். பெயரே அவர்களுக்கு ஓரளவு கடவுச்சீட்டாக உதவியது. 1933இல் ஹைமுக்கு அத்தகைய பெயர் இருக்கவில்லை. பட்டமோ, பணமோ, அச்சேறிய நூலொன்றோ இல்லாத ஓர் இளைஞனின் கதி எவ்வாறிருந்தது என்பதை அறிய அவரது வாழ்வே கூடுதலாகப் பயன்படும்.

ஹைமின் இயற்பெயர் ஹெல்முட் பிளீக். சக்சனி மாநிலத்தின் கைத்தொழில் நகரான கெம்னிட்சில், யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நெசவாலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்த அந்நகரிற் தொழிலாளர் இயக்கம் வலுவுடன் விளங்கியது. 1931இல், உயர்தர வகுப்பு மாணவராயிருந்தபோது, ஜேர்மன் இராணுவ அதிகாரிகள் சீனாவுக்குப் போதனாசிரியர்களாக அனுப்பப்படுவதைக் கண்டித்து அவர் எழுதிய கவிதையொன்று உள்ளூர்ச் சமூக ஜனநாயகப் பத்திரிகையில் வெளியாயிற்று. 'ஏற்றுமதி வணிகம்' என்பது அதன் தலைப்பு. கொலைத் தொழிலும் ஏற்றுமதிப் பண்டமாகிவிட்டதென்ற கருத்தைத் தலைப்பிலேயே வைத்துவிட்ட அக்கவிதைக்காகப் பதினெட்டு வயது மாணவர் பாடசாலையினின்றும் நீக்கப்பட்டார். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. வைமார்க் குடியரசின் பள்ளிக்கூடங்கள் எத்தகையவருடைய கைகளில் இருந்தன என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் அவர் பெர்லினுக்குச் சென்று பள்ளிப்படிப்பை முடித்து, அங்கேயே பல்கலைக்கழகக் கல்வியையும் தொடங்கினார்.

1933 பெப்ரவரி 27ஆந் திகதி இரவு ஜேர்மன் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. அடுத்த சில வாரங்களில் இடதுசாரிகள் ஆயிரக்கணக்கிற் கைதாகினர். பிளீக் எல்லையைக் கடந்து செக்கோஸ்லவாக்கியாவுக்குட் புகுந்தார். குடும்பத்தவரைக் காப்பாற்றும் நோக்குடன் பெயரையும் மாற்றிக்கொண்டார். ஸ்டெபான் ஹைம் என்ற எழுத்தாளர் அகதியாகவே பிறந்தார் எனலாம். பெயர் மாற்றம் குடும்பத்தை முழுமையாகக் காக்கவில்லை. மகனுக்குப் பதிலாகத் தந்தையைப் பிடித்துச் சென்றனர். தந்தை 1935இல் தற்கொலை செய்துகொண்டார்.

பிராக் நகரில் ஜேர்மன் மொழிப் பத்திரிகைகளுக்குச் சிறு சிறு கட்டுரைகளும் கவிதைகளும் எழுதி அவர் பிழைத்தார். செக்கோஸ்லவாக்கியா அக்காலத்து மத்திய ஐரோப்பாவில் அகதிகளுக்கு ஒப்பீட்டளவில் இடங்கொடுத்த நாடு. எனினும் அங்கு தங்கலாமேயன்றித் தொழில் பார்ப்பது எளிதன்று. உலகப் பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், தன்னாட்டுத் தொழிலாளருக்கே வேலையற்ற நிலையில், எந்த அரசும் வேற்று நாட்டவனுக்கு வேலை அனுமதி வழங்க விரும்பவில்லை. இரண்டாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னர், 1935இல், சிக்காகோவிலுள்ள யூத மாணவர் சங்கமொன்று வழங்கிய புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டே அவர் அமெரிக்கா சென்றார்.

வாழ்க்கைக் குறிப்பிலே ஒரு வரியில் அடங்கிவிடும் இச்செய்தியின் பின்னே ஒரு நூற்றாண்டுச் சட்ட வரலாறு மறைந்து கிடக்கின்றது. அதனைச் சிறிது விரித்து நோக்குதல் அவசியம்.

ஹைம் சிக்காகோவில் ஆராயத் தேர்ந்துகொண்ட கவிஞரான ஹைன்றிக் ஹைனே 1831இல் ஜேர்மனியை நீங்கிப் பாரிசுக்குச் சென்றவர். 1843இல் இளம் கார்ல் மார்க்ஸ் அதே நகருக்கு வந்தார். இருவரும் அங்கு நண்பராயினர். பிரஷ்ய அரசின் தூண்டுதலால் 1845இல் மார்க்ஸ் பிரான்சினின்றும் வெளியேற்றப்பட்டார். பிரசல்ஸ் நகரில் தங்குவதற்கு, நடப்பு அரசியல் பற்றி எதுவும் வெளியிடுவதில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதியில் பிரஷ்யக் குடியுரிமையையே துறந்தார். 1848 மார்ச்சில் பெல்ஜியமும் அவரை வெளியேற்றிற்று. 1849 ஓகஸ்ட் மாதம் அவர் இலண்டனுக்குச் சென்றார். இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். நாடற்றவராகவும், உலகப் புரட்சிக்காரர் என்று பல அரசுகளாற் கண்காணிக்கப்பட்டவராகவும் இருந்த அவர், பிரித்தானியாவுக்குள் நுழைய விசா எதனையும் பெறவேண்டியிருக்கவில்லை. அத்தகைய ஒன்று அங்கு இருக்கவேயில்லை.

இதனைப் பிரித்தானியரின் தாராள மனப்பான்மைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கொள்ளத் தேவையில்லை. உலகின் பட்டறையாக விளங்கிய பிரித்தானியாவின் முதலாளித்துவத்திற்குப் பண்டங்கள் தடையின்றிச் செல்வதைப் போலவே மனிதரும் தடையின்றி வருவது அன்று இலாபகரமாயிருந்தது. அந்த நலன் மாறியபோது கொள்கையும் மாறியது. கிழக்கு ஐரோப்பாவினின்றும் வறிய யூதர்கள் வந்து இலண்டன் கிழக்குப் பகுதியிற் குடியேறியதைத் தொடர்ந்து, 1905இல் அந்நியர் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கப்பலின் மேல்வகுப்பிற் பயணஞ் செய்தவர்களைச் சோதனைக்கு உட்படுத்தாது, கீழ்த்தட்டிற் பயணஞ் செய்தவர்களையே அது சோதனைக்கு உட்படுத்தியது. வர்க்க நோக்கை இவ்வளவு வெளிப்படையாகச் சட்டம் காட்டுவது அரிது. தாராளவாதத்தின் பொற்காலத்திலும் அதற்கோர் எல்லை இருந்தது: 1874இல் மார்க்ஸ் பிரித்தானியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தபோது அது மறுக்கப்பட்டது.

1914இல் மூண்ட ஏகாதிபத்தியப் போர், மேற்கு ஐரோப்பாவிற் பெரிதும் வழக்கொழிந்திருந்த கடவுச்சீட்டை மீண்டும் கட்டாயமாக்கிற்று. போர்க்கால ஏற்பாடு என்றே முதலிற் சொன்னார்கள். போர் முடிந்து 1920இல் பாரிசிற் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடு, கடவுச்சீட்டை ஒழிப்பதற்குப் பதிலாக அதன் வடிவத்தை ஒரேசீராக்கிப் பிரிந்தது.

அமெரிக்காவின் வரலாறு இன்னும் சற்று முந்தியது. நமது ஆசிய நோக்கிலிருந்து பார்க்கும்போது இன்னும் கருத்தூன்றத்தக்கது. 1882இல் அந்நாட்டின் சட்டசபை இரு சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவது, சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்தது. இரண்டாவது, பொதுமக்களுக்குச் சுமையாகக்கூடியவர் எவரையும் திருப்பியனுப்ப வகைசெய்தது. சீனரைத் தடுத்த ஏற்பாட்டில் ஒரு விதிவிலக்கு இருந்தது. வணிகர், ஆசிரியர், மாணவர், பயணிகள் ஆகியோர் தடைக்கு உட்படவில்லை. அதாவது, இரயில் பாதை போட்ட சீனன் வரக்கூடாது. பட்டு விற்கும் சீனனும், செல்வந்தன் மகனாகிய மாணவனும் வரலாம். இனவாதச் சுவரிலே வர்க்கச் சாளரமொன்று வைக்கப்பட்டது. 'மாணவன்' என்பவன் உழைப்பாளியல்லாத, ஆகையால் ஆபத்தற்ற, தனியொரு பிரிவினன் என்ற கருத்து அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் இவ்வாறு வேரூன்றியது. ஐம்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னர் ஹைம் என்ற ஜேர்மன் அகதிக்கு வழிவிட்ட வாயிலின் முன்மாதிரி, ஆசியருக்கு எதிராக எழுப்பிய சுவரிலேதான் முதலில் அமைக்கப்பட்டது. ஐரோப்பிய அகதிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர் இத்தொடர்பைக் காணத் தவறிவிடுகின்றனர்.

1885ஆம் ஆண்டுச் சட்டம், வேலை ஒப்பந்தஞ் செய்துகொண்டு வரும் தொழிலாளரைத் தடைசெய்தது. இதனை முந்தியதோடு சேர்த்து வாசிக்கும்போது அதன் இயங்கியல் தெளிவாகும். வேலை ஏற்கெனவே கிடைத்திருந்தால், ஒப்பந்தத் தொழிலாளி என்று தள்ளலாம். வேலை கிடைக்காதிருந்தால், சுமையாகக்கூடியவன் என்று தள்ளலாம். உள்ளூர்த் தொழிற்சங்கங்களின் நியாயமான அச்சத்தையும் முதலாளிகளின் தேவையையும் ஒருங்கே கையாள அதிகாரிகளுக்குக் கிடைத்த இரட்டைச் சாவி இது. 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இவற்றின்மீது ஒவ்வொரு நாட்டினருக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற ஒதுக்கீட்டு முறையையும் ஏற்றிவைத்தது. ஆசியரை ஏறத்தாழ முற்றாகவே அது விலக்கியது. 1929 முதல் ஜேர்மனிக்குரிய ஒதுக்கீடு ஆண்டுக்கு 25,957.

இவ்வெண்ணைப் பார்த்து ஒருவர், அவ்வளவு பேரும் போயிருக்கலாமே எனக் கருதக்கூடும். உண்மை அதுவன்று. 1930 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டி, சுமையாகக்கூடியவர் என்ற விதியை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுமாறு ஜனாதிபதி ஹூவரின் அரசு வெளிநாடுகளிலுள்ள தனது துணைத்தூதர்களுக்கு உத்தரவிட்டது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சட்டசபை கூடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவரின் அளவுகோல் மட்டுமே மாறியது. விளைவு, 1933இல் ஜேர்மன் ஒதுக்கீட்டிற் சுமார் 1,200 விசாக்களே வழங்கப்பட்டன. இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் அவ்வொதுக்கீடு முதன்முறையாக நிரம்பியது 1939இல்.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 1931 டிசம்பரில், நாசிகளுக்கு முந்திய அரசு, மூலதனம் வெளியேறுவதைத் தடுக்கும் பொருட்டு நாடு நீங்குவோரின் சொத்தில் நான்கிலொரு பங்கை வரியாகப் பெறும் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது இரண்டு இலட்சம் மார்க்குக்கு மேற்பட்ட சொத்துடையோரையே தாக்கியது. 1934இல் நாசி அரசு அவ்வெல்லையை ஐம்பதினாயிரமாகக் குறைத்தது. எஞ்சிய பணத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றும்போதும் பெரும்பகுதி பறிக்கப்பட்டது. ஆக, அனுப்பும் நாடு அகதியின் பணத்தைப் பறித்துக்கொண்டு வெளியேறு என்றது. ஏற்கும் நாடு பணத்தைக் காட்டிவிட்டு உள்ளே வா என்றது. கத்தரிக்கோலின் இரு அலகுகளையும் இயக்கியவர்கள் ஒருவரையொருவர் பகைவரென்றே கருதினர். ஆயினும் அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தியே வெட்டின. தனிமனிதரின் கொடூரத்தாலோ கருணையின்மையாலோ மட்டும் இதனை விளக்கிவிட முடியாது. நெருக்கடிக்குள்ளான இரு முதலாளித்துவ அரசுகள் மூலதனத்தை உள்ளே வைத்துக்கொள்ளவும் உழைப்பை வெளியே தள்ளவும் ஒரே காலத்தில் முயன்றதன் விளைவு இது.

இந்நிலையில் 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாலாம் பிரிவு ஒதுக்கீட்டுக்கு அப்பாற்பட்ட சிலரைக் குறிப்பிட்டது. அவர்களுள் இருவகையினர் நமது ஆய்வுக்கு முக்கியமானவர். ஒருவர் பேராசிரியர், மற்றவர் மாணவர்.

பேராசிரியராக நுழைய விரும்புபவர், விண்ணப்பிப்பதற்கு நேர்முந்திய இரண்டாண்டுகள் தொடர்ச்சியாக அத்தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1933 ஏப்ரல் 7ஆந் திகதிச் சட்டத்தால் யூத ஆசிரியர்களையும் இடதுசாரிகளையும் நாசிகள் பல்கலைக்கழகங்களினின்றும் நீக்கினர். வேலை போனதாலேயே அவர்களுக்கு நாடு நீங்கவேண்டி வந்தது. வேலை போய்க் காலஞ் செல்லச் செல்ல அதே காரணத்தால் நிபந்தனையினின்றும் நழுவினர். உதவி விரிவுரையாளரும் ஆய்வு மாணவரும் பேராசிரியர் என்ற சொல்லுக்குள் அடங்குவரா என்பது இன்னொரு சிக்கல். நியூயோர்க்கில் 1933இல் அகதி அறிஞர்களுக்கெனத் தொடங்கப்பட்ட 'நாடுகடந்த பல்கலைக்கழக'மும், இலண்டனில் அதே ஆண்டு அமைந்த கல்விமான்கள் உதவிச் சபையும் அரும்பணி ஆற்றின. அவற்றின் பட்டியல்களில் இடம்பெற ஒருவருக்கு ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட பெயர் வேண்டியிருந்தது. அது அவ்வமைப்புகளின் குற்றமன்று.

மாணவ வாயில் வேறுவிதமானது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவனாய், அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனமொன்றிற் படிப்பதற்காக மட்டுமே வருபவன் ஒதுக்கீட்டுக்கு உட்படான். ஆனாற் படிப்பு முடிந்ததும் போய்விட வேண்டும். 1932இல் தொழில் அமைச்சர் டோக், இவ்வாறு வருவோர் கூலிவேலை செய்து தம்மைப் பராமரித்துக்கொள்வதைத் தடைசெய்யும் விதியையும் பிறப்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'மாணவன்' என்ற பிரிவை அமைத்தபோது கருதியது இதையே: தந்தையின் பணத்திற் படித்து, தந்தையின் நாட்டுக்கே திரும்பும் இளைஞன். தந்தையின் பணம் பறிக்கப்பட்டு, நாடும் இல்லாதவன் மாணவனாகும்போது அப்பிரிவு தன்னைத்தானே மறுக்கின்றது. திரும்பிச் செல்வேன் என உறுதிகூறுபவனுக்கே விசா. திரும்ப முடியாதவனுக்கே அது தேவை. எத்தனை இளைஞர்கள் அந்த மேசைமுன் நின்று, பொய் சொல்வதா, உண்மை சொல்லித் தோற்பதா என்று தயங்கினர் என்பதை எந்த ஆவணமும் கூறப்போவதில்லை. இன்று நமது பல்கலைக்கழகங்களினின்றும் வெளிநாட்டுக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர்க்கு இக்கேள்வி புதிதாயிராது.

ஜேர்மனிக்குள் அவ்வாயிலின் மறுகதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது. 1933 ஏப்ரல் 25ஆந் திகதிச் சட்டம், உயர்கல்வி நிலையங்களிற் புதிதாகச் சேர்க்கப்படுவோருள் ஆரியரல்லாதார் நூற்றுக்கு ஒன்றரைக்கு மேற்படலாகாது என விதித்தது. சட்டத்தின் பெயர் கல்விக்கூடங்களில் நெரிசலைத் தடுத்தல் என்பதாகும். பல்கலைக்கழக அனுமதி பற்றிய வாதங்களில் 'நெரிசல்' போன்ற நிர்வாகச் சொற்கள் எதனை மறைக்க வல்லன என்பதை அறிய விரும்புவோர் அச்சட்டத்தைப் படிக்கலாம்.

படிக்கப் போனவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நமது சித்திரம் குறைபாடுடையதாகும். வேலைக்குப் போனவர்களில் மிகப் பெருந்தொகையினர் இளம் பெண்கள். 1930களின் பிற்பகுதியிற் பிரித்தானியா அகதிகளுக்குத் தாராளமாக வழங்கிய ஒரே தொழில் அனுமதி, வீட்டு வேலைக்குரியது. அந்நாட்டுப் பெண்கள் தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் நாடிச் சென்றமையாற் செல்வர் வீடுகளில் வேலையாள் தட்டுப்பாடு நிலவியது. ஏறக்குறைய 20,000 பெண்கள், பெரும்பாலும் வியன்னா, பெர்லின் முதலிய நகரங்களின் நடுத்தர வர்க்கத்தினர், இவ்வனுமதியுடன் சென்றனர். தங்கள் வீட்டில் வேலைக்காரி வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் பிறர் வீட்டு அடுப்பை மூட்டினர். அனுமதி அத்தொழிலோடு கட்டுண்டது. எசமானியோடு முரண்பட்டால் அடுத்த வீட்டு அடுப்பங்கரைக்குப் போகலாமேயன்றி வேறு தொழிலுக்குப் போகலாகாது. உயிர்தப்பியமைக்கு நன்றி கூறிய அதே வாய்களாற் பலர் அவமானத்தையும் பேசியுள்ளனர். இரண்டும் உண்மை. ஆண் எழுத்தாளர்களின் அகதி வாழ்வு இலக்கிய வரலாற்றில் இடம்பிடித்த அளவுக்கு இவர்களின் வாழ்வு இடம்பிடிக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையும் அக்குறைக்கு முற்றும் புறம்பானதன்று.

சிக்காகோவில் ஹைம் 1936இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் ஹைனேயின் 'அட்டா ட்ரோல்' என்னும் நெடும் கவிதை. 1841–42இல் எழுதத்தொடங்கி 1843இல் வெளியான அப்படைப்பு, பிரனீஸ் மலைப்பகுதியிற் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய கூத்தாட்டுக் கரடியொன்றின் கதையைக் கூறுவது. தப்பிய கரடி குட்டிகளைக் கூட்டி வைத்து மனித குலத்தின் அநீதி பற்றிச் சொற்பொழிவாற்றுகின்றது. கடைசியில் வேட்டையாடப்பட்டு, அதன் தோல் பாரிசில் ஒரு பெண்ணின் அறையில் விரிப்பாகக் கிடக்கின்றது. நோக்கம் நல்லதாயிருந்தாற் போதும், கவிதை எவ்வாறிருப்பினும் ஆகும் என்று கருதிய தன் காலத்து அரசியற் கவிஞரையே ஹைனே இதில் எள்ளி நகையாடினார். அரசியற் கவிதைக்காகப் பள்ளியினின்றும் துரத்தப்பட்ட ஓர் இளைஞன், அரசியற் கவிதையைக் கேலிசெய்யும் ஒரு படைப்பை, அதுவும் நாடு நீங்கிய ஒரு கவிஞனின் படைப்பை, ஆய்வுக்குத் தேர்ந்தமை தற்செயலாயிராது என்றே நாம் கருதுகிறோம். கலைத்திறமின்றிக் கருத்து மட்டும் இலக்கியமாகாது என்ற பாடத்தை, கருத்தைக் கைவிடாமலே கற்றுக்கொள்ளும் முயற்சி அது. நம்மிடையே முற்போக்கு இலக்கியத்திற் பிரச்சாரம் பற்றி நிகழ்ந்த நீண்ட வாதங்களை நினைவிற் கொள்வோர், இவ்விளைஞனின் தேர்வை வியப்புடன் நோக்குவர்.

படிப்பு முடிந்தபின் அவர் திரும்பவில்லை. 1937இல் நியூயோர்க்கில், கம்யூனிஸ்டுக் கட்சிக்கு அணுக்கமான ஜேர்மன் மொழி வாரப்பத்திரிகையொன்றின் ஆசிரியராகி, 1939இல் அது நின்றுபோகும்வரை நடத்தினார். 1942இல் அவரது முதல் நாவல் வெளிவந்தது. அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். பிராக்கில் நாசிகள் பிடித்த பணயக் கைதிகளைப் பற்றிய அந்நூல் பெரும் விற்பனை பெற்றுத் திரைப்படமுமாயிற்று. மகனுக்குப் பதிலாகத் தந்தை பிடிக்கப்பட்டதை அறிந்த நாம், அக்கதைப்பொருள் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை. 1943இல் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு நோர்மண்டியில் இறங்கிய படைகளோடு, உளவியற் போர்ப்பிரிவின் உறுப்பினராக ஐரோப்பா திரும்பினார். எந்த மொழியின் பொருட்டு வேற்று நாட்டிற் பட்டம் பெற்றாரோ அந்த மொழியிலேயே எதிரிப் படையினரைச் சரணடையுமாறு எழுதினார். இராணுவச் சீருடை எல்லா விசாக்களையும் தேவையற்றதாக்கிவிட்டது.

வாயில் கிடைக்காதவர்களை மறந்துவிட்டு ஹைமின் வெற்றியைப் பேசுவது வரலாறாகாது. அவர்களின் நூலாக நாம் கருதுவது அன்னா செகர்ஸ் எழுதிய 'ட்ரான்சிட்' என்னும் நாவல். 1941 மார்ச்சில் மார்செய்ல்ஸ் துறைமுகத்தினின்றும் கப்பலேறிய செகர்ஸ், அமெரிக்காவில் இறங்க இடம்பெறாது மெக்சிக்கோ சென்றவர். அக்கப்பலில் லெவி-ஸ்ட்ரோஸ், ஆந்த்ரே பிரெத்தோன், விக்டர் சேர்ஜ் ஆகியோரும் இருந்தனர். 1944இல் மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளியான அந்நாவலின் கதைசொல்லி எழுத்தாளனல்லன். முகாமினின்றும் தப்பிய, இருபத்தேழு வயதான, பெயர் கூறப்படாத ஜேர்மன் இளைஞன். இறந்துபோன எழுத்தாளனொருவனின் கடதாசிகள் அவன் கைக்கு வருகின்றன. மார்செய்ல்சில் அவன் அறிந்துகொள்ளும் விதி இதுதான்: அந்நகரில் தங்கியிருக்க வேண்டுமானால், அதைவிட்டுப் போகப்போவதாக நிரூபிக்க வேண்டும். போய்ச்சேரும் நாட்டின் விசா, இடைவழி நாட்டின் விசா, வெளியேறும் அனுமதி, கப்பற் சீட்டு ஆகிய நான்கும் ஒரே காலத்திற் செல்லுபடியாக வேண்டும். ஒன்று கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகிவிடும். இதனைக் காப்காவின் கற்பனையோடு ஒப்பிடும் விமர்சகர்கள் பலர். ஒப்பீடு கவர்ச்சியானது, ஆயின் நம்மைத் திசைதிருப்புவது. செகர்ஸ் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. 1940 செப்டெம்பரில் ஸ்பானிய எல்லையில் வால்டர் பெஞ்சமின் உயிர்நீத்தபோது, அவரிடம் அமெரிக்க விசாவும் ஸ்பானிய இடைவழி விசாவும் இருந்தன. பிரான்சின் வெளியேறும் அனுமதி இருக்கவில்லை.

இவ்வரலாற்றின் ஓர் இழை இலங்கையையும் தொடுகின்றது. புடாபெஸ்டில் 1896இற் பிறந்த ஈடித் கியோம்ரோய், லூக்காச் பங்குகொண்ட ஞாயிறு வட்டத்தினர். 1919ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி தோற்றபின் இளம் வயதில் வியன்னாவுக்குச் சென்றவர். பின்னர் பெர்லினில் உளப்பகுப்பாய்வு பயின்றவர். 1933இல் அங்கிருந்தும் நீங்க நேர்ந்தது. ஹங்கேரியின் மகத்தான பாட்டாளிவர்க்கக் கவிஞர் அத்திலா யோசெப்புக்கு உளச்சிகிச்சை அளித்தவர் இவரே. 1938இல் அவர் இலங்கை வந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில், ஆதி பாளி இலக்கியத்தில் அற்புத நிகழ்ச்சிகள் பெறும் இடம் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக்கை மணந்து, 1956இல் இலண்டன் செல்லும்வரை இங்கு வாழ்ந்தார். மாணவ வாயில் கிழக்கு நோக்கியும் திறந்தது என்பதற்கு இவர் சான்று. ஐரோப்பாவினின்றும் ஓடிவந்த மார்க்சியப் பெண்ணொருத்தி பாளி நூல்களின் அற்புதங்களை ஆராய்ந்தமை நமது பல்கலைக்கழக வரலாற்றில் விரிவாக எழுதப்பட வேண்டிய ஓர் அதிகாரம்.

ஹைமின் பிற்கால வாழ்வைப் பற்றி ஓரிரு வார்த்தைகள் கூறாது விடுவது நேர்மையாகாது. கொரியப் போரைக் கண்டித்துத் தமது இராணுவ விருதுகளை அமெரிக்க அரசுக்குத் திருப்பியனுப்பிய அவர், 1953இல் ஜேர்மன் ஜனநாயகக் குடியரசிற் குடியேறினார். அவ்வாண்டு ஜூன் 17ஆந் திகதி நிகழ்ந்த தொழிலாளர் எழுச்சி பற்றிய அவரது நாவல் அங்கு வெளியிட அனுமதிக்கப்படவில்லை. 1974இல் மேற்கு ஜேர்மனியிலேயே வந்தது. 1976 நவம்பரில், கவிஞர் வோல்ப் பீயர்மன் மேற்கு ஜேர்மனியிற் கச்சேரிப் பயணஞ் செய்துகொண்டிருந்தபோது அவரது குடியுரிமை பறிக்கப்பட்டது. தாமாகவே விரும்பி 1953இல் மேற்கினின்றும் கிழக்கு ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தவர் பீயர்மன். வெளியே சென்றவனுக்குப் பின்னாற் கதவைச் சாத்தும் இம்முறை ஜேர்மன் மண்ணிற் புதியதன்று. 1933 ஜூலைச் சட்டத்தின் கீழ், அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியான முதற் பட்டியலில் ஹைன்றிக் மான், பொய்க்ட்வாங்கர், டொல்லர், டுகொல்ஸ்கி ஆகியோர் உட்பட 33 பேரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. இரு அரசுகளும் ஒன்றே என்று கூறுபவர்களோடு நாம் உடன்படவில்லை. அவற்றின் சமூக அடித்தளங்கள் வேறு. ஆயின் ஒரு சோஷலிச அரசு இவ்வாயுதத்தைக் கையிலெடுத்தமையை இயக்கத்தின் நலன் கருதி மூடிமறைத்த முற்போக்காளர் வரிசையில் நம்மவரும் இருந்தனர். ஹைம் மூடிமறைக்கவில்லை. பீயர்மனுக்காக எழுந்த கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டார். 1979இல், அனுமதியின்றி மேற்கில் நாவல் வெளியிட்டமைக்காக அந்நியச் செலாவணிக் குற்றம் சாட்டப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டார். எழுத்தாளர் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார். எனினும் நாட்டை விட்டுப் போகவில்லை. மேற்கில் வீடும் வாசகரும் காத்திருந்த நிலையில், கடவுச்சீட்டின் பெறுமதியை இருபது வயதிலேயே அறிந்த மனிதர் எடுத்த முடிவு அது.

1989 நவம்பர் 4ஆந் திகதி பெர்லின் அலெக்சாந்தர் சதுக்கத்திற் கூடிய பெருந்திரளின்முன் அவர் சோஷலிசத்தைச் சீர்திருத்தும்படி பேசினார். ஐந்து நாட்களின் பின் எல்லை திறந்தது. மக்கள் வேறு திசையிற் சென்றனர். 1994இல் ஜனநாயக சோஷலிசக் கட்சியின் பட்டியலில் ஒன்றிணைந்த ஜேர்மனியின் பாராளுமன்றத்திற்குத் தெரிவாகி, வயதில் மூத்த உறுப்பினர் என்ற முறையில் அதன் முதற் கூட்டத்தைத் தொடக்கிவைத்தார். அறுபத்தொரு ஆண்டுகளுக்கு முன் பாராளுமன்றம் எரிந்ததன் பின்னர் பெர்லினை விட்டு ஓடிய மாணவர் அவர். 2001 டிசம்பர் 16ஆந் திகதி, ஹைனே பற்றிய கருத்தரங்கொன்றிற் பங்குபற்ற இஸ்ரேல் சென்றிருந்தபோது, தமது எண்பத்தெட்டாவது வயதிற் காலமானார்.